கடலுக்குப் போகும் வயல்

பெரிஸ்தேரா, கிரீட்
1993 பிப்ரவரி 7

அன்புள்ள கலியோப்பி அத்தைக்கு,

ஆர்கிரோ எழுதுவது. நான் சுகம். அப்பாவும் சுகம்தான். மழைக்கு முன்னால் அவர் முட்டி முனகுகிறது, மழை வந்தபின் அவரே முனகுகிறார். உங்கள் ரத்தக் கொதிப்பு எப்படி? மெல்போர்னில் இப்போது வெயில் கொளுத்துமாமே, தலையில் துணி போடாமல் வெளியே போகாதீர்கள்.

ஸ்தாவ்ரோஸ் மாமாவின் முதல் நினைவு நாளுக்கு இங்கே கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினேன். அப்பா வாசல்வரை வந்தார். செருப்பில் கல் சிக்கிக்கொண்டதாம். பூசை முடியும்வரை வெளியே நின்று அந்தக் கல்லை எடுத்துக்கொண்டிருந்தார்.

என் பிழைப்பு நடக்கிறது. லாவூத்தோ மீட்டும் சிஃபிஸும் நானும் கல்யாணம் கல்யாணமாகப் போகிறோம். "மூணு தந்திய வெச்சுகிட்டு மூணு வேளை சாப்பிட முடியுமா?" என்று அப்பா கேட்கிறார். வில் போட்டு வாசிக்கும் என் லீராவுக்கு நான்காவது தந்தி கட்டினால் ஒருவேளை முடியும்.

இப்போது ஊரில் ஒரு வம்பு. பாந்தெலிஸ் என்று ஒரு ஹோட்டல் முதலாளி, ஹெராக்ளியோன்காரர், டாக்டர் வயலுக்கு இரண்டு பக்கமும் நிலம் வாங்கிவிட்டார். டாக்டர் வயலையும் கேட்கிறாராம். டாக்டர் எந்தக் காலத்திலோ கப்பலேறிப் போனவர், இப்போது அது யார் பெயரில் இருக்கிறதோ தெரியாது, வெளிநாட்டில் யாரோ என்கிறார்கள். அதிலும் வேலி போட்டுவிட்டால் எங்களுக்குக் கடல் கிடையாது. பின்னால் மலை, இரு பக்கமும் பாறை. அப்பா படகுக்குப் போவதும் அந்த வயல் வழியாகத்தான். நாங்கள் சும்மா இருக்கப்போவதில்லை. நாங்கள் என்றால் நான். சிஃபிஸ் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.

கடைத் தொலைபேசியில் பேசலாம்தான். ஆனால் அங்கே நான் ஹலோ சொன்னால் ஊரே பதிலுக்கு ஹலோ சொல்லும். கடிதமே நல்லது.

அத்தைக்கு ஏதாவது எழுதவா என்று அப்பாவிடம் கேட்டேன். "எந்த அத்தை?" என்றார். எனக்கு இருப்பது ஒரே அத்தை.

முத்தங்களோடு,
ஆர்கிரோ

மெல்போர்ன்
1993 மார்ச் 4

ஆர்கிரோக் கண்ணுக்கு,

உயிரோடு இருக்கிறேன். மற்ற விவரம் மருந்துக் கடைக்காரனுக்குத்தான் தெரியும். மெழுகுவத்தி ஏற்றினாயே, உன் கை நோகாமல் இருக்க வேண்டும்.

எந்த அத்தை என்று உன் அப்பா கேட்டால் சொல்: மீசை கோணலான அன்றைக்கு எவள் சிரித்தாளோ அந்த அத்தை. உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். திருவிழாவுக்கு முதல்நாள் உன் மாமாவின் சலூனில் உன் அப்பா போய் உட்கார்ந்தார். மீசையை ஒழுங்குபண்ணும்போது தும்மினார். ஒரு பக்கம் போய்விட்டது. அவர் தும்மியதற்கு ஸ்தாவ்ரோஸ் என்ன செய்வார்? நான் அவரைக் கட்டிக்கொள்கிறேன் என்றதும், "சலூன்காரனுக்கா பொண்ணு?" என்றார். கல்யாணம் நடந்த கோயில் உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். வரவில்லை. நாங்கள் கப்பலேறும்போதும் வரவில்லை.

அது போகட்டும். அந்தப் பாந்தெலிஸ் எப்படி? பேச்சு மாறாத ஆளா? சும்மா கேட்கிறேன். வயலுக்குச் சொந்தக்காரர் யாரோ, அவருக்கும் ஒரு காரணம் இருக்கும் கண்ணு. அந்த ஊர் அவருக்கு என்ன செய்து கிழித்தது என்று உனக்குத் தெரியுமா? நீ கலைஞி. கல்யாணத்தில் வாசி, கைதட்டு வாங்கு. வேலி பிடுங்கப் போய் விரலைக் கிழித்துக்கொள்ளாதே.

காலையில் வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே.

அத்தை கலியோப்பி

பெரிஸ்தேரா
1993 ஏப்ரல் 26

அன்புள்ள அத்தைக்கு,

உயிர்த்தெழுதல் திருநாள் வாழ்த்துகள். நான் நலம், தொண்டை மட்டும் கட்டியிருக்கிறது. ஏன் என்று கீழே வருகிறது. நீங்கள் முட்டையை அளவாகச் சாப்பிட்டீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் முக்கியச் செய்தி. உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு உரக்கப் படித்தேன். வலையைத் தைத்துக்கொண்டே, "நான் தும்மல" என்றார். உங்களைப் பற்றி அவர் பேசி நான் கேட்ட முதல் வாக்கியம் இது. அப்படியே அனுப்பியிருக்கிறேன்.

இனி வயல். திருநாள் பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே லீராவை எடுத்தேன். ஊரே கைகோத்து வரிசையாக ஆடிக்கொண்டு தெருவில் இறங்கி, டாக்டர் வயலைக் கடந்து, கடல் வரைக்கும் போனோம். வயல் நடுவில் கான்ஸ்டபிள் நின்றார். புதிதாக வந்தவர், வடக்கே ஏதோ ஊர்.

"இது ஊர்வலமா?"

"இல்ல சார், நடனம்."

"ஊர்வலத்துக்கு அனுமதி வாங்கணும்."

"நடனத்துக்கு?"

புத்தகத்தைப் புரட்டினார். "நடனத்தப் பத்தி ஒண்ணும் போடல. ஆனா இது நகர்ந்துகிட்டே இருக்கே?"

"எங்க ஊர் நடனம் நகரும் சார். உங்க ஊர்ல நின்ன எடத்துலயேவா ஆடுவாங்க?"

அவர் பதில் யோசிப்பதற்குள் பாதிரியாரின் மனைவி அவர் கையைப் பிடித்து வரிசையில் சேர்த்துவிட்டாள். பாவம், கால் சரியாக விழவில்லை. ஆனால் கடல்வரை வந்தார். பாந்தெலிஸ் தன் பக்கத்தில் ஒலிபெருக்கி வைத்து டிஸ்கோ போட்டார். சிஃபிஸ் அதற்கே சுருதி சேர்த்துவிட்டான். எதற்கும் பயப்படும் பையன், சுருதிக்கு மட்டும் பயப்பட மாட்டான்.

அங்கே நின்ற இடத்தில் ஒரு ஈரடிப் பாட்டு வாயில் வந்தது. யாரென்றே தெரியாத அந்த விற்பனைக்காரருக்கு:

தூரதேசம் போனவரே, துண்டு நிலம் விற்பவரே,
ஓரத்திலே கடலிருக்கு, ஒட்டி அதும் வித்தாச்சா?

ஊரே திருப்பித் திருப்பிப் பாடியது. என் தொண்டை போனது அதில்தான். இனி ஒவ்வொரு ஞாயிறும் இந்த நடனம் உண்டு. ஹனியாவில் ஒரு கேசட் கடைக்காரர் என்னைப் பதிவுபண்ணுகிறார். "காதல் மட்டும் பாடும்மா. காதல்னா விக்கும், வயலுன்னா எவன் வாங்குவான்?" என்றார். காதலாகவே பாடினேன். கடைசியில் அவர் தேநீர் போடப் போனபோது இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. என் வாயும் ஓடியது.

உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று தெரியும்.

ஆர்கிரோ

மெல்போர்ன்
1993 மே 19

ஆர்கிரோவுக்கு,

சுகம். இங்கே குளிர் ஆரம்பம்.

உன் ஈரடியில் ஒரு பிழை. 'துண்டு நிலம்' என்று எழுதியிருக்கிறாய். அது துண்டு நிலமா? இரண்டு அத்திமரம், ஒரு கிணறு, மேற்கே கல் சுவர்வரை இருக்கிறது. அளந்து பார்க்காமல் வாயில் வந்ததைப் பாடக் கூடாது. உன் மாமா எப்போதோ சொல்லிக் கேட்டது, எனக்கென்ன தெரியும்.

தொண்டைக்குத் தேனும் எலுமிச்சையும் குடி. உன் அப்பா தும்மினார்.

கலியோப்பி

பெரிஸ்தேரா
1993 ஜூன் 30

அன்புள்ள அத்தைக்கு,

தேனும் எலுமிச்சையும் வேலை செய்தன. உங்கள் கடிதம் இந்தமுறை தந்திபோல இருந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். தும்மலுக்குச் சண்டை பிடிப்பார் என்று பார்த்தால், "அந்த அத்திமரம் எடத்தத் திரும்பப் படி" என்றார். படித்தேன். "கெணறா? கல்லுச் செவுரா? அளந்து பாத்தவ மாதிரியில்ல சொல்றா?" என்றார். எழுந்து தொப்பிகூடப் போடாமல் வெளியே போனார். அவர் தொப்பி இல்லாமல் போய் நான் பார்த்தது அம்மாவின் அடக்கத்துக்கு மட்டும்தான். என்னவென்று கேட்டால் வெயில் என்கிறார்.

கேசட் வந்துவிட்டது. கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார், பிறகு இரண்டாம்முறை அச்சடித்தார். காதலுக்காக யாரும் வாங்கவில்லை. எல்லோரும் கடைசிப் பாட்டுக்கு ஓட்டிப் போய் வயலைக் கேட்கிறார்கள். பேருந்தில் போடுகிறார்கள், ஆலிவ் எண்ணெய்ச் செக்கில் போடுகிறார்கள்.

பாந்தெலிஸும் கேட்டிருக்கிறார். வீட்டுக்கே வந்தார்.

"ஹோட்டல்ல மேடை, விளக்கு, மாசச் சம்பளம். வெயில் காலம் பூரா நீதான் பாட்டு. என்ன பாடணும்னு மட்டும் நான் சொல்லுவேன்."

"கடலப் பத்திப் பாடலாமா?"

"தாராளமா. வயலப் பத்தி வேணாம்."

"வயல் வழியாத்தான கடலுக்குப் போகணும்?"

"உனக்கு வாய் ஜாஸ்தி. அதுக்குத்தான் சம்பளமே குடுக்கறேன்" என்றார். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. ஆள் மோசமில்லை அத்தை, அதுதான் கஷ்டம்.

ஒரு நாள் யோசித்தேன். மாதச் சம்பளம் என்ற சொல்லை என்னிடம் யாரும் இதுவரை சொன்னதில்லை. பிறகு முடியாது என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரமே ஆகஸ்டில் பேசியிருந்த கல்யாணங்கள் ஒவ்வொன்றாக வேறு ஆளைப் பார்த்துக்கொண்டன. எல்லா மாப்பிள்ளைகளும் அவர் ஹோட்டலுக்குக் கல் அடிப்பவர்கள், மண் அடிப்பவர்கள். சிஃபிஸ் என்னோடு பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அழகாக வாசித்துவிட்டுப் போகிறான்.

கேசட் ஒன்று தனியாக அனுப்புகிறேன்.

ஆர்கிரோ

மெல்போர்ன்
1993 ஆகஸ்ட் 2

ஆர்கிரோவுக்கு,

கேசட்டை அனுப்ப வேண்டிய அவசியம் இருந்திருக்காது. அது உன் தபாலுக்கு முன்னாலேயே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது.

சனிக்கிழமை எங்கள் கிரீட் சங்கத்து நடனம். தலைவி அதினூலாவின் மகன் ஊருக்குப் போய் அந்தக் கேசட்டோடு வந்திருக்கிறான். அவள் மேடையேறி, "நம்ம கலியோப்பியோட மருமக! நம்ம பொண்ணு!" என்று என்னைக் கூட்டத்துக்குக் காட்டிவிட்டு அந்தக் கடைசிப் பாட்டைச் சத்தமாக வைத்தாள். நான் அப்போது நடன வரிசையின் நடுவில். இந்தப் பக்கம் ஒருத்தி கை, அந்தப் பக்கம் ஒருத்தி கை. எங்கே போவது? ஆடினேன். 'வித்தாச்சா' என்று கூடம் முழுவதும் கத்தியது. "இப்படி ஒரு மருமக கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்" என்று அதினூலா என் கன்னத்தைக் கிள்ளினாள்.

குரல் நன்றாக இருக்கிறது. லீரா நன்றாக இருக்கிறது.

தலைவலி. நிறுத்துகிறேன்.

கலியோப்பி

பெரிஸ்தேரா
1993 ஆகஸ்ட் 24

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. சுகமா என்று கேட்டுத் தொடங்குவதுதானே முறை. சுகமா?

மாதா திருநாளுக்கு மறுநாள் காப்பிக்கடையில் எல்லோரும் இருந்தோம். அப்பாவும் இருந்தார். பாந்தெலிஸ் வந்து எல்லோருக்கும் ராக்கிச் சாராயம் வாங்கிக் கொடுத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "தூரதேசம் போனவரேன்னு நாடு பூரா பாடுறியே, அது யாருன்னு தெரியுமா? உன் சொந்த அத்தை. டாக்டர் அந்த வயல உங்க ஸ்தாவ்ரோஸ் மாமாவுக்கு எழுதி வெச்சுட்டாரு. இப்ப அது கலியோப்பி அம்மா பேர்ல. எனக்குத் தர்றேன்னு வாய் வார்த்தை குடுத்தாச்சு. இதையும் சேர்த்துப் பாடு" என்றார்.

யாரும் ராக்கியைத் தொடவில்லை. பாதிரியார் மட்டும் பழக்கத்தில் குடித்துவிட்டார். அப்பா எழுந்தார். "சலூன்காரனுக்கா?" என்றார், தனக்குள். போய்விட்டார்.

நான் உங்களிடம் அந்த ஈரடியைப் பெருமையாக எழுதி அனுப்பியிருக்கிறேன். பிடிக்கும் என்றுகூட எழுதியிருக்கிறேன். நினைத்தால் காது சுடுகிறது. ஆனால் அத்தை, உங்களிடம் பொய் சொல்ல எனக்கு வராது: அந்தப் பாட்டை நான் நிறுத்தப்போவதில்லை. அப்பாவின் படகு அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம். நீங்கள் விற்கிறீர்கள் என்பதால் கடல் சின்னதாகிவிடாது. பெயர் சொல்லிப் பாட மாட்டேன். அவ்வளவுதான் என்னால் முடியும்.

கோபமாக இருந்தால் கோபமாகவே எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

ஆர்கிரோ

பெரிஸ்தேரா
1993 அக்டோபர் 20

அன்புள்ள அத்தைக்கு,

எழுதாமல் இருக்கிறீர்கள்.

தபால்காரர் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே தலையாட்டிவிடுகிறார், நடை மிச்சம். உங்களுக்குச் சுகமில்லையோ என்று பயந்து அதினூலா அம்மாவுக்கு எழுதினேன். "கலியோப்பி நல்லாத்தான் இருக்கா, யாரோடயும் பேசறதில்ல, அவ்வளவுதான்" என்று பதில் வந்தது. அதே உறையில் ஓர் அழைப்பும் இருந்தது: பிப்ரவரியில் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு நானும் சிஃபிஸும் வந்து வாசிக்க வேண்டுமாம், பயணச்சீட்டு அவர்களுடையதாம். சிஃபிஸ் உடனே என்னோடு பேச ஆரம்பித்துவிட்டான். நான் இன்னும் பதில் போடவில்லை. உங்கள் ஊருக்கு வந்து, உங்கள் கூடத்தில், உங்களைத் திட்டும் பாட்டைப் பாடுவதா?

இங்கே நடனத்துக்கு ஆள் குறைந்துவிட்டது. உங்கள் குடும்பத்து விஷயம், நாங்கள் ஏன் நடுவில் என்று சிலர் ஒதுங்கிவிட்டார்கள். போன ஞாயிறு கோயில் வாசலில் நான், சிஃபிஸ், பாதிரியார் மனைவி, சீருடையில்லாமல் கான்ஸ்டபிள், நாலைந்து பேர். சரி, வீட்டுக்குப் போகலாம் என்று லீரா வில்லைக் கீழே வைத்தேன். அப்போது அப்பா வந்தார். நடனத்துக்கு அவர் வந்து யாரும் பார்த்ததில்லை. பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக்கொண்டு வரிசையின் தலைமாட்டில் போய் நின்றார். "என்ன பாக்கற? வாசி" என்றார். ஆடிக்கொண்டே வயலுக்குப் போனோம். அத்திமரத்தடியில் நின்று மரத்தை மேலும் கீழும் பார்த்தார்.

ஆலிவ் அறுவடை முடிந்ததும் வேலி வரும் என்கிறார் பாந்தெலிஸ்.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

ஆர்கிரோ

மெல்போர்ன்
1993 நவம்பர் 22

வாயாடி மருமகளுக்கு,

ரத்தக் கொதிப்பு ஏறியிருக்கிறது. காரணம் நீ.

கோபமாக எழுது என்றாயே, எழுதுகிறேன். என் மருமகள் என்னைத் திட்டிய பாட்டுக்கு ஊர் நடுவில் நானே கைதட்டி ஆடினேன். பேருந்தில் ஏறினால் முணுமுணுக்கிறேன், பாத்திரம் கழுவினால் முணுமுணுக்கிறேன், 'ஒட்டி அதும் வித்தாச்சா, ஒட்டி அதும் வித்தாச்சா' என்று. மருந்துக் கடைக்காரன் நல்ல மெட்டு என்கிறான். இப்படியா ஒரு மனுஷியைப் பழிவாங்குவது?

கேள். டாக்டர் இங்கே தன்னந்தனியாக, கண் தெரியாமல் கிடந்தார். உன் மாமா சனிக்கிழமை தவறாமல் போய் அவருக்குச் சவரம் செய்துவிட்டு வருவார். காசு வாங்க மாட்டார். ஊர்க்காரரிடம் காசா என்பார். டாக்டர் போனபின் பார்த்தால் வயலை இவர் பெயருக்கு எழுதியிருக்கிறார். ஸ்தாவ்ரோஸ் அன்றைக்கு அழுதார். "பெரிஸ்தேராவுல எனக்கு ஒரு வயல் இருக்கு கலியோப்பி, இப்பவாவது உன் அண்ணன் என்னைப் பார்த்தா வணக்கம் சொல்லுவாரா?" என்று கேட்டார். ஊரில் யாரிடமும் சொல்லாதே, நாமே நேரில் போய்ச் சொல்லுவோம் என்றார். போகாமலே போய்விட்டார். அவர் போனபோது உங்கள் ஊரிலிருந்து எனக்கு வந்தது ஒரே கடிதம். உன்னுடையது. மற்றவர்களுக்கு அவர் சலூன்காரன். அதனால்தான் விற்க நினைத்தேன். கரையைப் பார்த்துக்கொண்டு கரைக்குப் போக முடியாமல் நில்லுங்கள் என்று நினைத்தேன். இதில் உன் நினைவு எனக்கு வரவே இல்லை என்றால் நம்பு. வந்திருக்க வேண்டும்.

உன் ஈரடிக்கு என் பதில். பாட்டுக்குப் பதில் பாட்டுதான், அது எனக்கும் தெரியும்:

பாட்டெடுத்துத் திட்டிப்புட்டே, பக்கத்தூரும் பாடவெச்சே,
வீட்டைவிட்டுப் போனவளை விசாரிச்சது எத்தனைபேர்?

பிப்ரவரியில் வா. உன் ஈரடியைப் பாடு. மென்று விழுங்காமல் பாடு. பிறகு என்னுடையதையும் பாடு. என் வீட்டுச் சாவி அதினூலாவிடம். என் படுக்கையில் படுத்துக்கொள், ஜன்னல் கதவு இறுகும், தூக்கித் திற. நான் கூடத்தில் இருக்க மாட்டேன். அந்த நேரம் பெரிஸ்தேராவுக்கு வருகிறேன். கையெழுத்துப் போடப்போகிறேனா என்று கேட்காதே. நிலத்தின்மேல் நின்று பார்க்காமல் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

உன் அப்பா நிஜமாகவே கைக்குட்டை பிடித்தாரா?

அத்தை

மெல்போர்ன்
1994 பிப்ரவரி 14

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் சமையலறையில் உட்கார்ந்து எங்கள் வீட்டு முகவரியை உறையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கை தன்பாட்டுக்கு அனுப்புநர் இடத்தில் எழுதிவிட்டது. உறையைக் கிழித்து வேறு எடுத்தேன். நான் சுகம். உங்கள் செடிகள் சுகம். பக்கத்துவீட்டுப் பூனை உங்களைத் தேடுகிறது. சிஃபிஸ் ஒரு கங்காருவைப் பார்த்துவிட்டு இன்னும் சமாதானமாகவில்லை.

விழா சனிக்கிழமை முடிந்தது. கூடம் நிரம்பி வெளியேயும் நின்றார்கள். காதல் பாட்டெல்லாம் பாடினேன், பொறுமையாகக் கேட்டார்கள். அப்புறம் "வயல்! வயல்!" என்று ஆரம்பித்துவிட்டார்கள். பாடினேன். கூரை பறந்தது. அதினூலா அம்மா மேசைமேல் ஏறப் பார்த்தார்கள், நல்லவேளை பிடித்துக்கொண்டார்கள்.

கை காட்டி நிறுத்தினேன். "இதுக்கு அந்தம்மா சொன்ன பதில்" என்று உங்கள் ஈரடியைப் பாடினேன். திருப்பிப் பாடுவார்கள் என்று வில்லை இழுத்துக்கொண்டு காத்திருந்தேன். யாரும் பாடவில்லை. நான் செய்தது தப்போ என்று சிஃபிஸைப் பார்த்தேன். அவன் தந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பின்வரிசையில் ஒரு கிழவர், ரயில்வேயில் வேலை பார்த்தவராம், உட்கார்ந்தபடியே 'விசாரிச்சது எத்தனைபேர்' என்று எடுத்தார். அவர் பக்கத்தில் இருந்த அம்மா சேர்ந்தார். அப்புறம் எல்லோரும். சத்தமாக இல்லை. ஒருவரும் ஆடவில்லை அத்தை. இத்தனை கல்யாணம் வாசித்திருக்கிறேன், நான் வாசிக்கும்போது ஆடாமல் நின்ற கூட்டத்தை அன்றுதான் பார்த்தேன்.

உங்களுடையதுதான் நல்ல ஈரடி. சிட்னியிலும் அடிலெய்டிலும் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்தே பாடுவேன், முதலில் என்னுடையது, பிறகு உங்களுடையது.

அங்கே என்ன நடக்கிறது என்று யாராவது எழுதுவீர்களா? கடைக்குத் தொலைபேசி போட்டேன். ஊரே ஒரே நேரத்தில் பேசியதில் ஒன்றும் புரியவில்லை.

ஆர்கிரோ

பெரிஸ்தேரா
1994 மார்ச் 9

மகளே ஆர்கிரோ,

அப்பா எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. நலம். முட்டியும் நலம்.

உன் அத்தை வந்தாள். பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்கு வரவில்லை. பெட்டியோடு நேராக வயலுக்குப் போயிருக்கிறாள். நான் படகை விட்டு மீனோடு ஏறி வருகிறேன். நடுவயலில் கையை விரித்து நிற்கிறாள். முடி வெளுத்துவிட்டது. மற்றபடி அதே ஆள்தான்.

"நில்லு. இது யாரு நெலம்?" என்றாள்.

"உன் நெலம்."

"எனக்கு எப்படி வந்துச்சு?"

"டாக்டர் குடுத்தாரு."

"யாருக்குக் குடுத்தாரு?"

மீன் கூடையிலிருந்து தண்ணீர் என் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. "ஸ்தாவ்ரோஸுக்கு" என்றேன்.

"கேக்கல."

"ஸ்தாவ்ரோஸுக்கு!" என்றேன். கொஞ்சம் கத்திவிட்டேன்போல. மேலே பாதிரியார் ஜன்னலைத் திறந்தார்.

அவள் பெட்டிமேல் உட்கார்ந்து அழுதாள். நான் கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். கல்லை வைத்திருக்கிறாள்போல, அவ்வளவு கனம்.

மறுநாள் பாந்தெலிஸ் வக்கீலோடும் ஒரு பெட்டி இனிப்போடும் வந்தார். அவள் இனிப்பை வாங்கிக்கொண்டாள். வேலி எங்கே வரும் என்று கேட்டாள், காட்டினார். "அப்ப நான் குளிக்க எந்த வழியாப் போறது?" என்றாள். "நீங்க மெல்போர்ன்ல இருப்பீங்களேம்மா" என்றார். அதோடு அவர் கதை முடிந்தது. "நான் எங்க இருப்பேன்னு சொல்றதுக்கு நீ யாருய்யா?" என்று ஆரம்பித்தவள் வக்கீல் காரில் ஏறும்வரை நிறுத்தவில்லை. பாந்தெலிஸ் வேலியைத் தன் பக்கத்தோடு போட்டுக்கொள்கிறார். இனிப்பை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஹனியாவுக்கு நோட்டரியிடம் போனோம். வயலின் நடுவில் கடல்வரை ஒரு பாதை, ஊருக்கு, எந்தக் காலத்துக்கும், என்று எழுதச் சொன்னாள். அவர் எழுதினார். "என் அண்ணன் மனூஸோஸ் தவிர. அவர் ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்டுட்டுத்தான் போகணும். எழுதுங்க" என்றாள்.

"அம்மா, பத்திரத்துல இப்படியெல்லாம் எழுத முடியாது" என்றார் நோட்டரி.

"எழுதலன்னா கையெழுத்து கெடையாது."

அவர் என்னைப் பார்த்தார். எழுதிக்கொள்ளுங்கள் ஐயா என்றேன்.

ஆகையால் இப்போது ஊரில் எல்லோரும் கடலுக்குப் போகிறார்கள். கான்ஸ்டபிள்கூடக் காலையில் குளிக்கப் போகிறார். நான் மட்டும் கேட்கிறேன். அவள் நம் வீட்டில்தான் இருக்கிறாள், உன் அறையில். ஆனால் வீட்டில் கேட்டால் செல்லாதாம். எனக்கு முன்னால் எழுந்து, காப்பிப் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு போய், அத்திமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். நான் வலையோடு போய் நிற்கிறேன். "கலியோப்பி, போகலாமா?" என்கிறேன். சில நாள் சரி போ என்கிறாள். சில நாள் யோசிக்க வேண்டும் என்கிறாள். அப்படிச் சொன்னால் நானும் உட்கார்ந்துவிடுகிறேன். இரண்டாவது நாற்காலி ஒன்று அங்கேயே கிடக்கிறது. காப்பி ஊற்றித் தருகிறாள். ஸ்தாவ்ரோஸ் அங்கே என்ன சாப்பிடுவார், யாரோடு பழகுவார், எப்படிப் போனார் என்று நான் கேட்கிறேன். அவள் சொல்கிறாள். வெயில் ஏறிவிடுகிறது.

திரும்பிப் போகும் தேதியை மாற்றிவிட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. நீ ஆகிற வேலையை முடித்துக்கொண்டு மெதுவாக வா.

இந்த வாரம் முழுக்க மீனே இல்லை.

உன் அப்பா,
மனூஸோஸ்